நாலு கிராம் இரும்பு

நொச்சிக்காட்டுப்பாளையத்துக்கு அடியில் பூமி இருக்கிறது என்கிற விஷயம் தொண்ணூற்றிரண்டாம் வருஷம் வரைக்கும் சர்க்காருக்குத் தெரியாது. தெரிந்த பிறகு ஊர்க்காரர்களுக்கு அதன்மேல் நடப்பதே கஷ்டமாகிவிட்டது.

சூலூருக்குத் தெற்கே, பஸ் நிற்காத ஒரு வளைவில் வண்டித்தடம் பிரிந்து ஊருக்குள் போகும். அந்தத் தடத்தின் மேலேயே ஒரு காம்பவுண்டு எழுந்து, ஊருக்குப் போக வர அதன் வாசலே வழியாயிற்று. வாசலில் பித்தளைப் பலகை: ‘மண்டலப் புவிக்காந்த இடையூறு ஆய்வு மையம்.’ பஸ்ஸில் போகிறவர்கள் அதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும்.

மையத்தின் வேலை எளிமையானது. பூமி ஒரு பெரிய காந்தமாம். சூரியனுக்குக் கோபம் வந்தால் அது நடுங்குமாம். ஒரே நாளுக்குள் காலையில் மெல்ல எழுந்து, உச்சிவேளையில் உச்சத்துக்குப் போய், பொழுது சாய அடங்குமாம். வருஷத்தில் பங்குனியிலும் புரட்டாசியிலும் ரொம்ப நடுங்குமாம். ஆனியிலும் மார்கழியிலும் சும்மா கிடக்குமாம். கண்ணாடி நூலில் ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டு, அது ஆடுகிற ஆட்டத்தைத் தாளில் பதிந்துகொண்டே இருக்க வேண்டும். இதில் ஊர்க்காரர்களுக்கு ஓர் ஆட்சேபணையும் இல்லை. நடுங்குகிறது நடுங்கட்டும், பதிகிறவர்கள் பதியட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

வினை இரும்பில் வந்தது.

ஊசிக்குப் பக்கத்தில் இரும்பு இருந்தால் அது பூமியை விட்டுவிட்டு இரும்பைப் பார்க்கத் தொடங்கிவிடும். ஆகவே மையத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்கள். ஊர் முழுவதும் வட்டத்துக்குள் வந்தது. முதலில் மண்வெட்டியும் கடப்பாரையும் போயின. பிறகு மாடுகளின் லாடம். பிறகு தோசைக்கல். தோசை என்பது நொச்சிக்காட்டுப்பாளையத்தில் கேள்விப்பட்ட பண்டமாகிவிட்டது. ஜாக்கெட்டு ஊக்குகளை வாங்கிப் போக ஒரு பெண் அலுவலரை அனுப்பினார்கள். அந்த அளவுக்கு மரியாதை தெரிந்த மையம். சைக்கிள் வைத்திருந்தவர்கள் வட்டத்துக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்தார்கள். கடைசியாக ஊர்க் காவல்தெய்வம் முனியப்பன் சிலையின் கையிலிருந்த ஆள் உயர வேலையும் பிடுங்கினார்கள். விரல் மடங்கிய வெறுங்கையோடு முனியப்பன் நின்றதைப் பார்த்தால், அவரும் ஏதோ மனு கொடுக்க வரிசையில் நிற்பதுபோல இருந்தது.

பறிமுதல் செய்த இரும்பை எங்கே வைப்பது என்று கேள்வி வந்தது. மையத்தில் நல்ல பூட்டுள்ள அறை ஒன்றுதான் இருந்தது. அது ஊசி தொங்கும் அறைக்கு அடுத்த அறை. அதிலேயே குவித்தார்கள். குவியல் வளர வளர ஊசி அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. மையத்தின் இயக்குநர் முனைவர் வரதராஜுலு இதைக் கண்டு மகிழ்ந்து, கொங்கு மண்ணின் காந்தபலம் மாதாமாதம் பெருகிவருவதாக ஒரு கட்டுரை எழுதினார். அதற்குப் பாராட்டு வந்ததும் பறிமுதலை இன்னும் தீவிரமாக்கினார்.

இரண்டு விலக்குகள் உண்டு. ஒன்று, மையத்துக்கு நிலம் கொடுத்த அப்புசாமியின் நூற்பாலை. அதில் ஓடுகிற இரும்பு இடையூறு ஆகாது, வளர்ச்சி ஆகும் என்று முடிவு செய்திருந்தார்கள். இன்னொன்று இயக்குநரின் அம்பாசிடர் கார். அது காலை பதினொரு மணிக்கு உள்ளே வரும்போதும் மாலை நாலு மணிக்கு வெளியே போகும்போதும் ஊசி துள்ளும். அந்த இரண்டு துள்ளல்களுக்கும் ‘கொங்கு இரட்டை முகடு’ என்று பெயர் வைத்து, காரும் அதனுள் இருப்பவையும் பூமியின் பகுதியாகக் கருதப்படும் என்று உத்தரவு போட்டிருந்தார்கள்.

இந்த வட்டத்துக்குள்தான் ஐயாசாமியின் வீடு இருந்தது.

ஐயாசாமிக்குத் தொழில் பாவு பிணைப்பது. வட்டத்துக்கு வெளியே உள்ள விசைத்தறிகளில் நெடுக்கு நூலான பாவு ஒன்று ஓடி முடிந்ததும் பழைய நூலின் நுனியோடு புது நூலின் நுனியை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். பத்து விரலும் ஒரு சிட்டிகைச் சாம்பலும் போதும். ஆகவே அவரிடமிருந்து பறிக்க மையத்துக்கு அரிவாள்மணையும் தோசைக்கல்லும் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. அவரும் மையத்தை மழை வெயில் போல எடுத்துக்கொண்டு இருந்தார். போத்தனூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் கலாமணிக்குத் தலைப்பிரசவம் நெருங்கும் வரைக்கும்.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். ஒன்பதாம் மாதம் கட்டுச்சோறு ஆக்கிக்கொண்டுபோய்ப் போட்டு மகளை அழைத்து வர வேண்டும். இதற்கு விளக்கம் தேவையில்லை, யாரும் கேட்பதும் இல்லை. மையம் கேட்டது.

ஆவணி மாதம் ஒரு காலை ஐயாசாமி மையத்து வாசலில் போய் நின்றார். காவல்காரர் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். வெளுத்த ஆள். ரத்தத்தில் இரும்பு குறைந்தவர்களையே வேலைக்கு எடுப்பது என்று மையம் முடிவு செய்தபோது, நேர்முகத் தேர்வில் மூன்று தடவை மயங்கி விழுந்து முதலிடம் பெற்றவர். அவர் கையைத் தூக்க முயன்று, பாதியில் விட்டுவிட்டு, கண்ணாலேயே உள்ளே போகச் சொன்னார்.

நிர்வாக அலுவலர் கிருபாசங்கர் மர நாற்காலியில், மர மேசைக்குப் பின்னால், வேட்டியில் உட்கார்ந்திருந்தார். பேன்ட் கொக்கியில் இரும்பு இருக்குமாம்.

“யார் வருகிறார்கள்?”

“என்ற பொண்ணுங்க. கலாமணி. தலைப்பிரசவத்துக்குக் கூட்டிட்டு வரோணுமுங்க.”

“உடம்பில் இரும்பு உண்டா?”

“ஒரு கொலுசுதானுங்க. அது வெள்ளி.”

“உடம்பின் மேல் அல்ல. உடம்புக்குள்.” கிருபாசங்கர் பொறுமையாகச் சொன்னார். “மனித ரத்தத்தில் இரும்பு உண்டு, ஐயாசாமி. ஆளுக்குச் சுமார் நாலு கிராம்.”

ஐயாசாமி யோசித்தார். “அந்த நாலு கிராமைப் போத்தனூர்லயே வெச்சுப்போட்டு வர முடியாதுங்களே.”

“அதுதான் சிக்கல்.”

“அப்பறம் நாங்கெல்லாம் இங்கதானுங்களே இருக்கறோம். எங்களுக்குள்ளாறயும் இருக்குமுங்களே.”

“நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள். அதற்குப் பின்னணி என்று பெயர். உங்களைக் கழித்துவிட்டுத்தான் பூமியைக் கணக்குப் போடுகிறோம். புதிதாக வருவதுதான் இடையூறு. அதுவும் இந்தக் கேஸில் உள்ளே வருவது ஒருத்தர், வெளியே போவது இரண்டு பேர். விதியில் இதற்கு இடமே இல்லை. உங்கள் மகளுக்கு ரத்தம் எத்தனை?”

“ஏழுதானுங்க. ரொம்பக் கம்மின்னு போத்தனூர் டாக்டரம்மா சத்தம் போட்டுதுங்க.”

கிருபாசங்கரின் முகம் முதன்முறையாக மலர்ந்தது. “ஏழா? நல்ல குடும்பம். இதை அப்படியே காப்பாற்றுங்கள்.”

“பத்துக்காவது வரோணுமின்னு மாத்திரை குடுத்திருக்குதுங்க.”

“என்ன மாத்திரை?”

“இரும்புச்சத்து மாத்திரைங்க.”

கிருபாசங்கர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சன்னலைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது குரல் தணிந்திருந்தது.

“ஐயாசாமி, நாட்டுக்காக ரத்தம் சிந்தியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மகளிடம் அவ்வளவு கேட்கவில்லை. ஊறாமல் இருந்தால் போதும் என்கிறோம்.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி பாவாத்தாள் முறத்தைக் கீழே வைத்தாள். “ஏழுல இருந்தா பிரசவம் தாங்காதுன்னு அந்தம்மா சொல்லுச்சு. பத்துக்கு வந்தா இவீக உள்ள உடமாட்டாங்க. என்ற புள்ள பொழைக்கறதா, ஊட்டுக்கு வாரதா, எதாச்சும் ஒண்ணைத்தான் பண்ணோணுமா? ஏனுங்க, அந்த ஆளுக்கு அம்மா அக்கா ஆரும் இல்லீங்களா?”

“இருந்தாலும் கழிச்சுப்போட்டுத்தான் கணக்குப் போடுவாருன்னு நெனைக்கறேன்” என்றார் ஐயாசாமி.

போத்தனூரில் சம்பந்தியம்மாள் அதற்குள் வாசலில் நின்று பேச ஆரம்பித்துவிட்டாள். தலைப்பிரசவத்துக்குக்கூடப் பொண்ணைக் கூட்டிக்கொண்டு போக வக்கில்லாத அப்பன் என்று அவள் சொன்னது ரயில்வே காலனி வரைக்கும் கேட்டதாக மாப்பிள்ளை ரூபன் புளியமரத்தடி வரைக்கும் வந்து சொன்னான். கலாமணிக்கு மாடிப்படி ஏறினாலே கண் இருட்டிக்கொண்டு வந்தது. சாப்பாட்டைவிட அம்மாவைத்தான் அதிகம் கேட்கிறாள் என்றும் சொன்னான்.

மாதத்தில் ஒரு நாள் இயக்குநரே மனுக்களைக் கேட்பார். அதற்குப் ‘பொதுமக்கள் இடையூறு நாள்’ என்று பெயர். ஐயாசாமி போனார். இரட்டை முகட்டின் முதல் முகடாக அம்பாசிடர் வந்து நின்றது. வரதராஜுலு இறங்கினார். இரும்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி, இரும்புப் பிடியுள்ள கைத்தடி, இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. காரிலிருந்து இறங்குகிறவர் என்பதால் அவரும் பூமியின் பகுதி.

மனுவைக் கேட்டுவிட்டு அவர் பேசினார். மனு கொடுத்தவர் ஒருவர்தான் என்றாலும் ஒலிபெருக்கியில் பேசினார்.

“இடையூறு இரண்டு வகைப்படும். ஒன்று சூரியனிலிருந்து வருவது. மற்றொன்று பொதுமக்களிடமிருந்து வருவது. சூரியனை நம்மால் கட்டுப்படுத்த முடியாது.” இங்கே நிறுத்தி ஐயாசாமியைப் பார்த்தார். “இந்த மையம் எந்த முடிவையும் அமைதிக் காலத்தில்தான் எடுக்கும். ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில் பூமி தத்தளித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கையெழுத்துப் போடுவது அறிவியல் ஆகாது. மாசி, பங்குனி, சித்திரையும் அப்படியே. அமைதி என்றால் ஆனி, ஆடி, பிறகு மார்கழி, தை. இதில் ஆடியில் நல்ல காரியம் எதையும் தொடங்குவதில்லை. மார்கழியிலும் அப்படித்தான். நமது பண்பாட்டை மதிக்காத அறிவியல் எனக்கு வேண்டாம்.”

“ஏனுங்க சாமி, அப்பத் தைக்கு?”

“தைக்கு வாருங்கள். பொங்கல் விடுமுறை போக.”

“கொழந்தை புரட்டாசிலயே பொறந்துபோடுமுங்களே.”

“அதை யார் முடிவு செய்தது?”

“ஆருமில்லீங்க. அது தானா...”

“பார்த்தீர்களா?” வரதராஜுலு ஒலிபெருக்கியை அருகில் இழுத்தார். “இதைத்தான் நான் பொறுப்பின்மை என்கிறேன். வருஷத்தில் பூமி மிக அதிகம் நடுங்குகிற மாதத்தைப் பார்த்துப் பிரசவம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிக் கேட்டிருந்தால், தைக்கு வருகிற மாதிரி நாள் சொல்லியிருப்போம்.”

இந்தக் கூட்டத்தை ஒதுங்கி நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் கார் டிரைவர் ரசாக். அவருக்கும் வீடு போத்தனூர்தான். கூட்டம் கலைந்ததும் ஐயாசாமியிடம் வந்து பீடி நீட்டினார்.

“ஐயாசாமியண்ணா, பெரியவரு புரட்டாசி முதல் வாரம் டெல்லி போறாருங்க. மாநாடு.”

“போகட்டுமுங்க. எனக்கென்ன?”

“அவரு போனாலும் கார் வரோணுமுங்க. தெனமும் பதினொண்ணுக்கு உள்ள, நாலுக்கு வெளிய. வரலைன்னா இரட்டை முகடு வராது, பூமிக்கு என்னமோ ஆகிப்போச்சுன்னு உலகம் பூரா கேப்பாங்களாமாம். போத்தனூர்ல இருந்து நான் காலியாத்தான் ஓட்டிட்டு வாரேன்.” புகையை விட்டார். “காருக்குள்ள இருக்கறதெல்லாம் பூமின்னு ஆர்டர் இருக்குதுங்கண்ணா.”

ஐயாசாமிக்கு அது விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. விளங்கியதும் பீடியைக் கீழே போட்டுவிட்டார்.

அப்படியாகத்தான் புரட்டாசியில் ஒரு நாள், கட்டுச்சோறு சாப்பிட்ட கையோடு, கலாமணி சர்க்கார் அம்பாசிடரின் பின்சீட்டில் வெள்ளைத் துண்டு விரித்த இடத்தில் உட்கார்ந்து வந்தாள். ஒரு பக்கம் பாவாத்தாள், முன்னால் ஐயாசாமி. கலாமணி மடியில் மாத்திரை டப்பா. காவல்காரர் காரைப் பார்த்து எழுந்து, கையை நெற்றி வரைக்கும் கொண்டுபோய், அங்கேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கார் மையத்துக்குள் நுழைந்தது. பின்பக்கத்துச் சின்னக் கதவைத் தாண்டினால் வீடு.

அந்தக் கதவுக்கு முன்னால் கிருபாசங்கர் நின்றிருந்தார்.

“இது யார்?”

“பூமிங்க சார்” என்றார் ரசாக்.

கிருபாசங்கர் குனிந்து பார்த்தார். உத்தரவை வார்த்தைக்கு வார்த்தை நினைவுபடுத்திப் பார்த்தார். அது அவரே எழுதியது. “சரி. காருக்குள் இருக்கும் வரை பூமி. இறங்கினால்?”

“இறங்காம எப்படீங்க பெத்துக்கறது?” என்றாள் பாவாத்தாள்.

“இப்போது உச்சிவேளை நெருங்குகிறது. பூமி உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் இறங்கினால் இரண்டு இடையூறும் சேர்ந்துவிடும். மாலை வரை உட்கார்ந்திருக்கட்டும்.”

 கலாமணி அம்மாவின் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் பாவாத்தாளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

“ஏனுங்க, வலி வந்துபோட்டுதுங்க. வள்ளியாத்தாளைக் கூப்புடுங்க, ஓடுங்க.”

“அடங்கும் நேரம் வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்” என்றார் கிருபாசங்கர்.

பாவாத்தாள் கார்க் கதவைத் திறந்து இறங்கினாள். அவர் முன்னால் வந்து நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டாள். “ஏனுங்க ஆபீசரு. நீங்க பொறக்கறப்ப உங்கம்மா ஆருகிட்ட நேரங் கேட்டுட்டு வந்தாங்க?”

அந்தக் கேள்விக்கு விதியில் பதில் இருக்கிறதா என்று அவர் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், ரசாக்கும் பாவாத்தாளும் கலாமணியைத் தாங்கிக்கொண்டு நிழலைப் பார்த்து நடந்தார்கள். பக்கத்தில் இருந்த கட்டடம் ஒன்றுதான். கெட்டியான சுவர், பித்தளைக் கீல், உள்ளே குளுகுளுவென்று சிமென்டுத் தரை. மூலையில் கண்ணாடிக்குள் ஏதோ ஓர் ஊசி தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

ஊர் மருத்துவச்சி வள்ளியாத்தாளை ஐயாசாமி வேலி தாண்டிக் கூட்டி வந்தார். எழுபது தாண்டிய கிழவி. ரசாக்கை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். ஐயாசாமி அந்தக் கதவில் முதுகை வைத்து உட்கார்ந்துகொண்டார். கிருபாசங்கர் வந்து, விலகச் சொல்லிப் பார்த்தார். ஐயாசாமி விலகவில்லை. அவர் வாழ்நாளில் ஓர் ஆபீசர் சொல்லி அவர் செய்யாத முதல் காரியம் அது. உள்ளே மகள் கத்துகிற ஒவ்வொரு கத்தலுக்கும் ஏழு, ஏழு என்று அவர் வாய் முணுமுணுத்தது. ஏழில் தாங்காது என்று டாக்டரம்மா சொன்னது மட்டும்தான் அவருக்கு நினைவிருந்தது.

தாங்கினாள். பெண் குழந்தை. அழுகை கெட்டிச் சுவரையும் தாண்டி வந்தது.

கதவு திறந்தது. வள்ளியாத்தாள் தலையை நீட்டினாள். “ரெண்டும் சுகம். தலைமாட்டுக்கு இரும்பு கொண்டா.”

“இரும்பா?” என்றார் கிருபாசங்கர்.

“பெத்தவ பக்கத்துல இரும்பு இல்லாம எப்புடி? காத்துக் கருப்பு அண்டாதா? என்ற அரிவாளை நீங்கதானே கொண்டாந்து போட்டிருக்கறீங்க. எங்க அது?”

 சத்தம் கேட்டு வந்திருந்த காவல்காரர் அடுத்த கதவைப் பார்த்துவிட்டார். கிழவிக்கு அது போதும். அவர் மடியிலிருந்த பித்தளைச் சாவியைக் குழந்தை கையிலிருந்து எடுப்பதுபோல எடுத்துக்கொண்டாள். குவியலுக்குள் தன் அரிவாளைத் தேடி எடுத்துத் தலைமாட்டில் வைத்தாள். திரும்பவும் இரும்பு அறைக்குள் போனாள்.

“இன்னும் என்ன அம்மா?” கிருபாசங்கரின் குரல் கெஞ்சியது.

“பொட்டப்புள்ள. இந்த ஊர்ல பொறந்திருக்குது. அரிவாள் பத்தாது” என்று சொல்லிவிட்டு வள்ளியாத்தாள் முனியப்பனின் வேலைத் தரதரவென்று இழுத்துவந்து, கண்ணாடிப் பெட்டியை ஒட்டினாற்போல வாசலுக்குக் குறுக்கே சாத்தினாள்.

ஊசி ஒரு சுற்றுச் சுற்றியது. தாளின் விளிம்பைத் தாண்டிக் கோடு போட்டது. பிறகு கண்ணாடி நூல் அறுந்து விழுந்தது.

மாலையில் கிருபாசங்கர் பதிவுத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தார். இரும்பு உள்ளே வந்தது என்று எழுதினால் தன் வேலை போகும். பூமி நடுங்கியது என்று எழுதினால் யார் வேலையும் போகாது. பூமிக்கு விளக்கம் கேட்டு மெமோ அனுப்ப வழியில்லை. டெல்லிக்குத் தந்தி போனது: ‘நடுப்பகலில் திடீர்க் காந்தப்புயல். கருவி தாங்கவில்லை.’

மறுநாளே மாநாட்டு மேடையில் வரதராஜுலு பேசினார். உலகத்தில் வேறு எந்த நிலையத்திலும் அந்தப் புயல் பதிவாகவில்லையே என்று ஒருவர் கேட்டார். “அதுதான் அதன் தனிச்சிறப்பு” என்றார் வரதராஜுலு. “மற்ற நிலையங்கள் பூமி முழுவதையும் அளக்கின்றன. நாங்கள் எங்கள் பூமியை மட்டும் அளக்கிறோம்.” கைதட்டல் நெடுநேரம் நீடித்ததாம். புரட்டாசியில் வந்தது பங்குனியிலும் வர வேண்டும் என்பதால், பங்குனியில் வெளிநாட்டு நிபுணர்கள் நொச்சிக்காட்டுப்பாளையத்துக்கு வந்து நேரில் பார்ப்பதாக முடிவானது.

கலாமணி வீட்டில் இருந்தாள். மாத்திரை சாப்பிட்டாள். முகத்தில் கொஞ்சம் சிவப்பு வந்தது. குழந்தை கைகால் உதைத்தது. தை பிறந்ததும், பேத்தியை அழைத்துப் போகச் சம்பந்தியம்மாள் வாடகை வேனில் ஆட்களோடு வந்து இறங்கினாள். வேனும் ஆட்களும் புளியமரத்தடியிலேயே நிற்க, கலாமணி வட்டத்தின் விளிம்பு வரைக்கும் வந்தாள்.

அப்போது மையத்திலிருந்து உத்தரவு வந்தது. புயலின்போது அந்த அறையில் இருந்த இரண்டு உடல்களின் இரும்பும் பதிவில் சேர்ந்திருக்கிறது. நிபுணர்கள் பார்த்துவிட்டுப் போகும்வரை நிலைமை அப்படியே இருக்க வேண்டும். தாயும் சேயும் வட்டத்தை விட்டு வெளியேறத் தடை.

“இது என்ன கூத்து?” என்றாள் சம்பந்தியம்மாள். “அன்னைக்குக் கூட்டிட்டுப் போக வக்கில்லாம இருந்தாரு. இன்னைக்குப் புடிச்சு வெச்சுக்கறாரா? உங்கொப்பனுக்கு ஒரு பேச்சு நெலையா இருக்காதா அம்மணி?”

கலாமணி அழுதாள். போத்தனூர் டாக்டரம்மா குழந்தைக்கு ஊசி போடக் குறித்துக் கொடுத்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஐயாசாமி எழுந்து சூலூருக்கு நடந்தார். திரும்பி வந்து நேராக மையத்துக்குப் போனார். அன்று வரதராஜுலு இருந்தார். மாலை போட்ட தன் புதுப் படத்தை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று, ஆணி அடிக்க முடியாத சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களால் ஒரு குழந்தையைப் பங்குனி வரைக்கும் வைத்துக்கொள்ள முடியாதா, ஐயாசாமி? நான் எவ்வளவு பெரிய பூமியை வைத்துக்கொண்டு சமாளிக்கிறேன்.”

“இல்லீங்க சாமி. ஒரு சந்தேகம். மையத்துக்கு வேணுங்கறது என்ற பொண்ணுங்களா, அவ உள்ளாற இருக்கற இரும்புங்களா?”

“இரும்புதான். பெண்ணை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?”

ஐயாசாமி வேட்டி மடிப்பை அவிழ்த்து மேசைமேல் ஒரு பொருளை வைத்தார். ஓர் ஆணி.

“நாலு கிராமுங்க. சூலூர்ல நகைக்கடைத் தராசுல நிறுத்துக் குடுத்தாங்க. அவளுக்கு ரத்தங் கம்மி, அதனால கொழந்தையோடதும் இதுலயே அடங்கிப்போகுமுங்க. இதை வெச்சுக்கிட்டு அவீகளை உடுங்க.”

 வரதராஜுலு ஆணியைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மெல்ல மெல்ல அவர் கண் கலங்கியது.

“கிருபாசங்கர், இதைப் பாருங்கள். நாலு கிராம். அழவில்லை. மனு கொடுக்கவில்லை. மாத்திரை கேட்கவில்லை. எந்த மாதத்தில் பிறக்கலாம் என்று நம்மைத் தொந்தரவு செய்யவில்லை. பொதுமக்கள் எல்லாரும் இந்த வடிவத்தில் இருந்தால் இந்த நாட்டில் ஆராய்ச்சி எங்கேயோ போயிருக்கும்.”

உத்தரவு அன்றைக்கே மாறியது. தை மாதம் என்பதால் கையெழுத்துக்கும் தடையில்லை. ஆணியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கீழே ‘கலாமணி மற்றும் சிசு’ என்று எழுதி, புது நூலில் ஊசியை மறுபடி தொங்கவிட்டிருந்த அறையில் வைத்தார்கள். கலாமணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, நட்ட நடு உச்சிவேளையில், மையத்து முன்வாசல் வழியாகவே நடந்து வெளியே போனாள். காவல்காரர் தடுக்கவில்லை. அவர் கணக்குப்படி அவள் உள்ளே இருந்தாள்.

பங்குனியில் நிபுணர்கள் வந்தார்கள். ஆணியைப் படம் பிடித்தார்கள். அதற்குள் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக ஆளுக்கொரு ஆணி கொண்டுபோய்க் கொடுத்து, பதிலுக்குத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். ஆணிகளே ஆட்களாகிவிட்டதால் விதி ஊர்க்காரர்களை விட்டுவிட்டது; சைக்கிள்கள் திரும்பின. தோசைக்கல் திரும்பியது. முனியப்பன் தன் சார்பாக ஒரு நீள ஆணியைக் கொடுத்துத் தன் கை வேலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இப்போது நொச்சிக்காட்டுப்பாளையத்து மக்கள் எல்லாரும் மையத்துக்குள் கண்ணாடிப் பெட்டிகளில் வரிசையாக, அமைதியாக, பெயரோடு இருக்கிறார்கள். வரதராஜுலு வாரம் ஒருமுறை அவர்கள் முன்னால் ஒலிபெருக்கியில் பேசுகிறார். நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். செருப்பை வெளியே விட வேண்டும், அதில் ஆணி இருக்கும்.

போத்தனூரில் கலாமணியின் வீடு ஜங்ஷனுக்குப் பின்னால். ராத்திரி பகலாக என்ஜின்கள் பெட்டிகளைக் கோத்து இழுக்கும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் குழந்தைக்குத் தூக்கம் வராது. சித்திரையில் ஐயாசாமி மகளைப் பார்க்கப் போயிருந்தபோது, டாக்டரம்மா ரத்தம் பார்த்துப் பத்தரை என்று சொன்னதாகக் கலாமணி சொன்னாள்.

“எப்பப் பாத்தாங்க கண்ணு?”

“வெசாழக்கிழமைங்கப்பா. பதினொரு மணி இருக்கும்.”

ஐயாசாமி நினைத்துப் பார்த்தார். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மையத்தில் வழக்கம்போல ஊசி துள்ளியது. அது அம்பாசிடர் உள்ளே வந்ததற்கு, மகளுக்கு ரத்தம் ஏறியதற்கு அல்ல.